பளிச்சுனு தெரியுது

என்டர் பொத்தானின் இடுக்கில் ஒரு கடுகு மாட்டிக்கொண்டிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் நான் துடைத்து, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஏற்றி, அக்காவுக்குக் கொடுத்த லேப்டாப். இப்போது மூடியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. டச்பேடில் விரல் வைத்தால் முதலில் ஒட்டிக்கொண்டது, பிறகு சட்டென்று வழுக்கி, கர்சர் எங்கேயோ போய் நின்றது. கைக்குட்டையால் இரண்டு தடவை துடைத்தேன். கைக்குட்டை வீணானதுதான் மிச்சம்.

என் வேலை தெரிந்த யாரும் என்னைச் சும்மா விட்டதில்லை. ஆறு நாள் ஆபீஸில் அடுத்தவர் கம்ப்யூட்டர். ஏழாவது நாள் சொந்தக்காரர்கள் கம்ப்யூட்டர். வருகிற புகாரில் பாதி ஒரே ஒரு சொல்தான்: தெரியல. எது தெரியவில்லை, யாருக்குத் தெரியவில்லை என்று ஒன்றும் இருக்காது. நாமே போய்க் கண்டுபிடிக்க வேண்டும்.

ரத்தினபாய் அக்காவும் போனில் அதையேதான் சொன்னாள். "எழுத்து சரியா தெரியல தம்பி. கண்ணாடிகூட புதுசா மாத்திட்டேன். உன் லினக்ஸ்லதான் ஏதோ கோளாறு."

உன் லினக்ஸ் என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, சாப்பிடாமல்கூட, அஸ்தினாபுரத்திலிருந்து இரும்புலியூருக்கு வண்டியை விட்டேன்.

அக்கா தனி ஆள். தாம்பரத்தில் ஒரு கைடு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே புரூஃப் பார்க்கிறாள். அந்த வேலைதான் அவளுக்குச் சோறு. சென்ற மாதம் ஏழாம் வகுப்பு அறிவியல் கைடில், ஒளியைப் பற்றிய பாடத்தில், எட்டு இடங்களில் 'ஒளி' என்பது 'ஒலி' என்றே அச்சாகிவிட்டது. ஒலி கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறதாம், முப்பட்டகத்தில் ஏழு நிறமாகப் பிரிகிறதாம். இன்னொரு தப்பு வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகக் கம்பெனி முதலாளி நாகலக்ஷ்மி மேடம் சொல்லிவிட்டார். அடுத்த பாடம் நாளைக் காலை பத்து மணிக்குள் போயாக வேண்டும்.

இருபது வருடம் புரூஃப் பார்த்தவளுக்கு ளகர லகரம் தெரியாதா? சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். வீட்டைப் பார்த்ததும் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

கழுவிக் கவிழ்த்து வைத்த தட்டில் காய்ந்த சாம்பார். சுவரோரம் கூட்டாமல் கிடந்த முடி உருண்டை. நைட்டியின் முன்பக்கம் முழுக்க மஞ்சள் கறை. எங்கள் வீட்டிலேயே சுத்தம் சுத்தம் என்று எல்லோர் உயிரையும் எடுத்தவள் இவள். ஒரு மனுஷி இப்படியா ஆவாள்?

காபி கொண்டுவந்து வைத்தாள். டம்ளரின் விளிம்பைத் தாண்டி வழிந்து டவராவும் பாதி நிறைந்திருந்தது. மேலே இரண்டு எறும்புகள் மிதந்தன. அவள் பார்க்கும்படியாகவே டம்ளரைத் தள்ளிவைத்தேன்.

கோளாறு நிஜமாகவே இருந்தது. ஏதோ ஒரு அப்டேட்டில் திரை எண்ணூறுக்கு அறுநூறு என்ற அளவில் சிக்கிக்கொண்டிருந்தது. எழுத்தெல்லாம் தடித்து, பக்கவாட்டில் இழுத்துவிட்டதுபோல் அசிங்கமாக இருந்தது. சரியான அளவு பட்டியலிலேயே இல்லை. டெர்மினலைத் திறந்து ஒவ்வொரு கட்டளையாக அடித்தேன். இரண்டு தடவை திரை கறுத்துப்போய் மீண்டு வந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் அந்த அளவு பட்டியலில் வந்து உட்கார்ந்தது.

அக்கா பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். உட்கார் என்றாலும் உட்காரவில்லை.

அவளுடைய பாடத்தைத் திரை முழுக்கத் திறந்துவைத்தேன். செட்டிங்ஸில் புது அளவைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பிசுக்கோடு மல்லுக்கட்டி, 'அப்ளை'யைத் தட்டினேன். இருபது விநாடிக்குள் சம்மதம் என்று அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் அது பழைய நிலைக்கே போய்விடும். அவளே பார்த்து அழுத்தட்டும் என்று எழுந்து, என் சார்ஜரைப் பையில் திணிக்கக் குனிந்தேன்.

"இப்ப தெரியுதாக்கா?"

"பளிச்சுனு தெரியுது தம்பி. இதையே வெச்சிடு, மாத்தாத. காலைல பத்து மணிக்குள்ள முடிச்சு அனுப்பிடுவேன்."

எத்தனை பேருக்குச் சரிசெய்தாலும் இந்த ஒரு வார்த்தை காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தேன்.

திரை தலைகீழாக இருந்தது.

கர்சர் வழுக்கியதில், அளவோடு சேர்த்து, திரையைத் திருப்புகிற இடத்திலும் என் கை பட்டிருக்கிறது. பாடத்தின் தலைப்பு அடியில் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் வரிவரியாக எல்லா எழுத்தும் கால் மேலே, தலை கீழே. அக்கா மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து, ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

இருபது விநாடி முடிந்தது. யாரும் எதையும் அழுத்தாததால் திரை தானாகவே நிமிர்ந்து, பழைய தடித்த எழுத்துகளுக்கே திரும்பியது. அவளுடைய தலையாட்டல் நிற்கவே இல்லை.

இவ்வளவு நேரம் அந்தத் தட்டின் மேலும் நைட்டியின் மேலும் எனக்கு இருந்த அருவருப்பு முழுவதும் என் மேலேயே திரும்பியது.

"காபி குடிச்சிட்டியா?" என்று கேட்டாள் அக்கா.

டம்ளர் அவள் முழங்கையை ஒட்டி, விளிம்புவரை அப்படியே இருந்தது. ஆறி, ஆடை படிந்து, எறும்புகள் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"குடிச்சிட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டு, டவரா சத்தம் போடாமல் டம்ளரை எடுத்து, முழுவதையும் குடித்தேன்.