சொல்ல விரும்பவில்லை

அவன் தோள்பையின் ஜிப் சரியாக மூடவில்லை. உள்ளேயிருந்து இஸ்திரிப் பெட்டியின் வயர் வால் மாதிரி வெளியே தொங்கியது.

"யார் வீட்ல அடிச்சது?" என்றாள் பதிவு மேசைக்காரி.

"என்னோடதுதாங்க."

"படுக்க இடமில்லாதவனுக்கு இஸ்திரிப் பெட்டி. சட்டையில மடிப்புக்கூடக் கலையல. ஏம்பா, நீ இங்க தங்க வந்தியா, கல்யாணத்துக்கு வந்தியா?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வெளியே மழை. அவள் சொன்னதற்குச் சிரிக்காவிட்டால் உள்ளே இடம் கிடைப்பது கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரியும்.

வீடில்லாதவர்கள் ராத்திரி தங்கும் விடுதி அது. வருகிறவர்களின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. ஒரு கட்டம் காலியாகக் கிடந்தாலும் தலைமை அலுவலகத்தின் சரிபார்ப்புப் பிரிவிலிருந்து மெயில் வந்துவிடும். காலிக் கட்டங்கள் பெருகினால் அடுத்த வருஷம் அவளுக்கு வேலை இல்லை.

அதனால் அவள் எதையும் காலியாக விடுவதில்லை. பிறந்த தேதி தெரியாதவர்கள் எல்லோரும் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தார்கள். வாய் பேச முடியாத கிழவர் ஒருவருக்குப் பேர், ஊர், விட்டு ஓடிய மனைவி என்று ஒரு வாழ்க்கையே கொடுத்திருந்தாள். விவரங்களை மற்ற அலுவலகங்களும் பார்க்கலாமா என்ற கேள்விக்கு, விடுதி மொத்தமும் சம்மதம் சொல்லியிருந்தது. ஒருத்தரிடமும் அவள் கேட்டதில்லை. உள்ளே அவளுக்கு 'டிக் அக்கா' என்று பேர்.

"பேரு?"

"வேணாங்க. என் விவரம் எதுவும் வெளிய போறதுல எனக்குச் சம்மதம் இல்ல. படுக்க இடம் மட்டும் போதும்."

"என்ன பண்ணிட்டு ஓடி வந்திருக்க? யாரையாவது வெட்டிட்டியா?"

"இல்லைங்க. சம்மதம் தரலைன்னாலும் படுக்கை தரணும்னு விதி இருக்கு."

"விதி பேசறவன் சொந்த வீட்ல படுத்துக்கிட்டுப் பேசணும்." அவனுக்கும் ஜனவரி ஒன்றைத் தட்டிவிட்டு, 'சம்மதம்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். "சம்மதிச்சுட்ட. போ உள்ள."

அவன் போகவில்லை. மேசைமேல் குனிந்து திரையைப் பார்த்தான்.

"அதை எடுத்துடுங்க மேடம். கொஞ்சம் கீழ உருட்டுங்க. 'சொல்ல விரும்பவில்லை'ன்னு மூணாவதா ஒரு கட்டம் இருக்கும்."

உருட்டினாள். இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டத்தை அவள் பார்த்ததே இல்லை.

"இன்னும் ஜனவரி ஒண்ணையே போட்டுட்டு இருக்கீங்களா? போன மாசம்தானே உங்களுக்கு மெயில் அனுப்பினேன்..." என்றவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

அவள் கை மவுஸிலிருந்து தானாக விலகியது. அந்த மெயில் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சரிபார்ப்புப் பிரிவு ஆள். வீடில்லாதவர் மாதிரி வேஷம் போட்டு, நேரிலேயே சோதனைக்கு வந்துவிட்டார்.

"சார்," என்று எழுந்தாள். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. "முன்னாடியே சொல்லக் கூடாதா சார்? உக்காருங்க. வாட்ச்மேன் அண்ணே, சாருக்கு ஒரு டீ கொண்டாங்க. சூடா."

"வேணாம் மேடம், நீங்க..."

"இதுங்களோட கத்திக் கத்தி எனக்கும் வாய் இப்படி ஆயிடுச்சு சார். எதைக் கேட்டாலும் பொய். நான் எங்க போய் உண்மையைத் தேடறது? ஏதோ கைக்கு வந்ததைப் போட்டு நிரப்பிட்டேன். நாளையிலிருந்து ஒவ்வொருத்தரா உக்கார வெச்சுக் கேட்கறேன். ரிப்போர்ட்ல மட்டும் எழுதிடாதீங்க சார். இந்த வேலையை நம்பித்தான் வீட்டு வாடகையே கட்டறேன்."

வரிசையில் இருந்தவர்கள் இப்போது உண்மையாகவே சிரித்தார்கள். அவள் திரும்பி முறைக்கக்கூட இல்லை.

டீ வந்தது. அவர் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, ஊதிக்கூடப் பார்க்காமல் குடித்து முடித்தார். பிறகு பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நான் சோதனைக்கு வரல மேடம். எங்க ஆபீசுக்குத் தெரியாம எனக்கு ஒரு படுக்கை குடுங்க."