தாலிகெட்டுக்குப் போட்ட பாட்டு

கொட்டாரம் ஸ்டுடியோவின் கம்ப்யூட்டர் திரையில் ஓடும் கல்யாண வீடியோவில் ஷீஜாவின் கழுத்தில் தாலி ஏறுகிறது. பின்னணியில் இருபது வருடப் பழைய ஆங்கிலப் பாட்டு ஆல்பம். சிந்தசைசர் குழைய ஒருவன் கொஞ்சிக் கொஞ்சிப் பாடுகிறான். ஷீஜா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுகிறாள். "அனிலண்ணே, கெட்டுனவள எந்தக் குழியில போடலாம்னு சிரிச்சிட்டே பாடுகான்! இதையா என் தாலிகெட்டுக்குப் போட்டிய?" எடிட்டர் அனில்குமார் விழிக்கிறார். "அர்த்தம் யாருக்கு மக்கா தெரியும்? எல்லாக் கல்யாணத்துக்கும் இந்த ஆல்பந்தான். வாறவங்க கேட்டு வாங்கிட்டுப் போறாங்க." "வெக்கமா இல்லியா? எடுங்க முதல்ல!" பாட்டு நிற்கிறது. தாலி சத்தமில்லாமல் ஏறுகிறது. ஆனால் ஷீஜாவின் செருப்பு மட்டும் அதே தாளத்தைத் தரையில் தட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கவனித்ததும் அவள் முகம் இன்னும் சிவக்கிறது. "நான் வீட்டுக்குள்ள ஏறும்போ எங்க மாமியா எனக்குப் பால் தாற இடம் வரும்லா? அங்க போடுங்க. சத்தமா."