கறுப்பு டயல்

நான்காவது வாட்ச்சையும் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடி மேசைமேல் இறக்கினாள்.

இறக்கிய கை மறுபடி மூன்றாவதற்கே போனது.

கறுப்பு டயல். எண்கள் இல்லை. எண்கள் இருக்கவேண்டிய இடங்களில் நூல்போல வெள்ளைக் கோடுகள். கீழே ஒரு சின்ன வட்டம். அதற்குள் விநாடி முள் மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது, பெரிய முட்களோடு தனக்கு ஒரு பேச்சும் இல்லை என்பதுபோல.

எடுத்தாள். வைத்தாள். எடுத்தாள்.

"ஏத்தா, ஒரு எடத்துல நில்லு. தரை சுடுதா?" என்றாள் மதினி.

மேலமாசி வீதியில் ஒரு பாத்திரக் கடையின் மாடி அது. பழைய சுவிஸ் வாட்ச்சுகள் மட்டுமே விற்கும் கடை. மாப்பிள்ளைக்கு எடுக்க வந்திருந்தார்கள். அண்ணன், மதினி, அவள். நிச்சயத்தன்று பெண்ணின் அண்ணன்தான் மாப்பிள்ளை கையில் வாட்ச் கட்ட வேண்டும். அவர்கள் வீட்டு வழக்கம்.

புதுசெல்லாம் வேண்டாம், பழையதில் நல்லதாக ஒன்று போதும் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். 'போதும்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் அண்ணனுக்கு விளங்கியது.

எந்த மாதிரி என்று கேட்டதற்கு, அவளுக்குப் பிடித்ததே தனக்கும் பிடிக்கும் என்றாராம்.

அதனால்தான் அவளையும் கூட்டி வந்தார்கள்.

முகூர்த்தப் புடவையை மாமியார் எடுத்தார். தாலிச் செயினை மதினி பார்த்தாள். மண்டபத்தைப் பெரியப்பா பிடித்தார். மாப்பிள்ளையை எல்லோருமாகச் சேர்ந்து பிடித்தார்கள்.

இது ஒன்றைத்தான் அவளிடம் விட்டார்கள்.

இதுவும் அவளுக்கில்லை.

அவருக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். பெண் பார்க்க வந்தபோது மிக்சரில் கடலையை மட்டும் பொறுக்கித் தின்றார். அவ்வளவுதான் தெரியும். அதை வைத்துக்கொண்டு ஒரு வாட்ச் எடுக்க முடியாது.

தனக்கு எது பிடிக்கும் என்பதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பெட்டியைத் திறந்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

அதுதான் அவளை நிற்கவிடாமல் செய்தது. தனக்கென்று இப்படி ஒன்று பிடிக்கும் என்பதே இந்த மாடிக்கு ஏறி வரும்வரை அவளுக்குத் தெரியாது. இன்னும் என்னென்ன பிடிக்குமோ.

கறுப்பை எடுத்து மதினியிடம் நீட்டினாள்.

மதினி கையை இழுத்துக்கொண்டாள். "நல்ல காரியத்துக்குப் போய் யாராவது கறுப்பு எடுப்பாங்களா? கூறு இருக்கா ஒனக்கு?"

பிறகு கடைக்காரரிடம் குரலைத் தாழ்த்தினாள். "ஏங்க, இதெல்லாம் செத்தவங்க கட்டுனது இல்லையே?"

"வித்தவங்க எல்லாரும் உசுரோடதாம்மா இருக்காங்க. வித்ததை நெனச்சு அழுதுக்கிட்டு."

அண்ணன் சிரித்தான். சிரித்தபடியே முதல் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தான். தங்க வளையம், தந்த நிற டயல், பட்டையான எண்கள். மாலைக்குள்ளிருந்தும் போட்டோவில் பளிச்சென்று தெரியும்.

"இதுதான் மாப்பிள்ளை வாட்ச்சு. என்ன, புடிச்சிருக்குல்ல?"

தலையாட்டினாள். எப்போதும் ஆட்டுவதுதான்.

தோல் வாரை அளவாக வெட்ட மாப்பிள்ளையின் மணிக்கட்டு அளவு வேண்டும் என்றார் கடைக்காரர். யாருக்கும் தெரியவில்லை. உள்ளே சிக்னல் இல்லை. அண்ணன் போனை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். கீழே பித்தளைக் குத்துவிளக்கு பார்க்க வேண்டும் என்று மதினியும் பின்னாலேயே போனாள்.

மின்விசிறி சுற்றியது. காற்று வரவில்லை.

ஒவ்வொரு பெட்டியாக மூடிக்கொண்டு வந்த கடைக்காரர் மூன்றாவதில் நின்றார். பெட்டி காலியாக இருந்தது.

அவள் கையைப் பார்த்தார்.

கண்ணாடி வளையல்கள் முழங்கை வரைக்கும் ஏற்றப்பட்டிருந்தன. கடைசித் துளையில் மாட்டியும் வாட்ச் நிற்காமல் சரிந்து, உள்ளங்கைப் பக்கம் தொங்கியது. எந்த ஆணின் கைக்கோ வாங்கிய வார். அவள் அதை நிமிர்த்திவைத்தாள். மறுபடி சரிந்தது. மறுபடி நிமிர்த்தினாள்.

காதருகே கொண்டுபோனாள். வீதி இரைச்சலுக்கு நடுவிலும் கேட்டது. சின்னதாக, விடாமல்.

அவர் நான்காவது பெட்டியை மூடினார்.

கழற்றிக் கொடுத்துவிட வேண்டியதுதான். கீழே போய்க் குத்துவிளக்கு பார்க்க வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை நிச்சயம். பிறகு கல்யாணம். அதற்குப் பிறகு மாப்பிள்ளை இருக்கும் பெங்களூரு. இந்த மாடி இங்கேயே இருக்கும். இந்தப் பெட்டியில் வேறு எதுவோ இருக்கும்.

கழற்றவில்லை.

கையை நீட்டி, மணிக்கட்டைத் திருப்பிக் கண்ணாடிமேல் வைத்தாள். வாரை இறுக்கிப் பிடித்து, கொக்கி வரவேண்டிய இடத்தில் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினாள். தோலில் பிறை மாதிரி ஒரு தடம் விழுந்தது.

அவர் இழுப்பறையைத் திறந்து துளைபோடும் குறடு ஒன்றை எடுத்தார். உடனே போட்டுவிடவில்லை.

"தொளை போட்டா வாபஸ் எடுக்க மாட்டோம்மா."

"போடுங்க."

அந்தக் கடைக்குள் அவள் பேசிய முதல் சொல். சத்தம் சற்று அதிகமாகிவிட்டது.

குறடு ஒருமுறை கடித்தது. வாரிலிருந்து கடுகளவு தோல் தெறித்துக் கண்ணாடிமேல் விழுந்தது. கொக்கி புதுத் துளைக்குள் போய் உட்கார்ந்தது. வாட்ச் சரியவில்லை.

மரப்படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது.

"மாப்பிள்ளை கை பெருசாம்ல!" என்றான் அண்ணன், பாதிப் படியிலிருந்தே.

தோளில் துப்பட்டா கிடந்தது. ஒரு இழு இழுத்துவிட்டால் கை முழுக்க மறையும்.

கையைக் கண்ணாடிமேலேயே வைத்திருந்தாள்.