எட்டாவது ஸ்டேஜின் இசை

வீடியோ கேமில் ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் ஓர் இசை வரும். அவற்றை டேப்பில் பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் மில்லுக்குப் போகிற பஸ்ஸில் வாக்மேனில் கேட்க வேண்டும் என்பது வேங்கடேசனின் ஆசை. ஏழு ஸ்டேஜ் பிடித்தாயிற்று. எட்டாவதுக்குள் நுழையத்தான் முடியவில்லை. ஏழாவதின் முடிவில் ஒரு ராட்சசன் நின்றுகொண்டு தினமும் அவனைக் கொன்றான்.

அன்று காலையும் டி.வி. முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துவிட்டு ஆடினான். செத்தான்.

"பஸ்ஸு போயிரும்ங்க! கல்யாணமான ஆம்பளை செய்ற காரியமா இது?" என்று மனைவி காஞ்சனா சத்தம் போட்டாள்.

டேப்பை நிறுத்த மறந்து ஓடினான்.

சாயங்காலம் வந்து அதைப் போட்டுக் கேட்டான். காஞ்சனாவின் ஏச்சு கேட்டது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேம் இசை தொடங்கியது. ஏழாவது முடிந்து, அவன் இதுவரை கேட்டேயிராத ஓர் இசை வந்தது. எட்டாவது! நடுநடுவே கண்ணாடி வளையல் குலுங்கியது.

"நீயும் சாவுலே, ராட்சசப் பயலே!" என்றது ஒரு பழகின குரல்.

வேங்கடேசன் அடுப்படிக்குப் போனான்.

"ஏட்டி காஞ்சனா," என்று கெஞ்சினான், "நாளைக்கு மட்டும் வளையலைக் கழட்டி வச்சிட்டு ஆடேன்."