பல்வலிக்காரிகள்

பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியின் வாசலில் ஒரு நோட்டு உண்டு. வெளியே போகிறவள் எங்கே, எதற்கு என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போன வருடம் ஒருத்தி லேடி டாக்டரிடம் போவதாக உண்மையை எழுதினாள். வார்டன் நவமணி அவள் வீட்டுக்குப் போன் போட்டாள். மறுநாளே அப்பா வந்து அவளைப் பெட்டியோடு கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு லேடி டாக்டரிடம் போகிற எல்லாரும் பல்வலி என்றே எழுதினார்கள். லேடி டாக்டர் இருந்த மாடிக்குக் கீழே ஒரு பல் டாக்டர் இருந்தார்.

பக்கம் பக்கமாகப் பல்வலியைப் பார்த்த நவமணி, விடுதிக்குள்ளேயே பல் முகாம் வைத்துவிட்டாள். நோட்டில் பெயர் இருந்தவர்கள் வரிசையில் நின்றார்கள்.

முதலில் சொர்ணா. இரண்டு மாதமாக அவளுக்கு வெள்ளைப்படுதல். ஒன்றுக்குப் போனால் எரிச்சல். மாத்திரைக்குக் கேட்கவில்லை. நாளைக்கு மறுபடி வரச் சொல்லியிருந்தார் லேடி டாக்டர். அடிவயிற்றைப் பிடித்தபடி நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்தாள்.

"பல்லெல்லாம் நல்லாத்தானேம்மா இருக்கு," என்றார் முகாமுக்கு வந்திருந்த வேறொரு பல் டாக்டர்.

நவமணி நோட்டைப் புரட்டினாள். "பல்வலின்னு மூணு தடவை போயிருக்கா. அப்ப வேற எங்கடி போன?"

சொர்ணா அடிவயிற்றிலிருந்து கையை எடுத்துக் கடைவாயைக் காட்டினாள். "இதுதான் டாக்டர். தாங்க முடியல. பிடுங்கிருங்க."

"ஆட்டமே இல்லையேம்மா."

"அவளே சொல்றாளே, பிடுங்குங்க," என்றாள் நவமணி.

வேர் கெட்டியாக இருந்தது. பஞ்சைக் கடித்தபடி சொர்ணா இறங்கியபோது, அவள் பெயருக்கு நேரே நவமணி டிக் அடித்தாள். "இனிமே வெளிய போற வேலையே இல்ல பாரு."

அடுத்து நின்றவள் வாயை இறுக மூடிக்கொண்டு, நாக்கால் ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.