சம்பந்தம் உள்ளவர் வெளியே நிற்கவும்

"இங்கிலாந்தைக் காப்பாத்தணும்னா லிட்டில் ஆஷ்கோம்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும். நான் ஆரம்பிக்கப் போறேன்" என்றார் ஜோலியன் பாஸ்க், சிரிக்காமல்.

மே மாத ஊர்மன்றக் கூட்டம். ஜோலியன் புது கவுன்சிலர். ஏழு நாற்காலிக்கு ஆறு பேர்தான் மனு போட்டிருந்தார்கள் என்பதால் அமோக வெற்றி பெற்றவர். மற்றவர்கள் முதல் கோப்பைத் தேநீரை முடித்த பிறகுதான் அவருடைய கார் வாசல் ஜல்லியைச் சிதறடித்துக்கொண்டு வந்து நின்றது. லண்டனில் வேலை பார்த்தவர். எதையும் மெதுவாகச் செய்து பழக்கமில்லை.

"ரொம்ப சந்தோஷம், உக்காருங்க" என்றார் தலைவி பெரில். "இங்கிலாந்துக்கு முன்னாடி வழக்கமான கேள்வி. இன்னிக்குப் பேசப்போற விஷயத்துல யாருக்காவது சொந்த சம்பந்தம் இருக்கா?"

கவுன்சிலர் எட்னா பர்கிஸ் கை தூக்கினார். "எனக்கு இருக்கு. நாய்க்கழிவுத் தொட்டியை இடம் மாத்தற விஷயம். எங்க டெய்சியோடதை அதுலதான் போடறேன்."

"டெய்சிங்கறது நாயா?" என்றார் ஜோலியன்.

"பின்னே, எங்க அக்காவா?"

சம்பந்தம் உள்ளவர் அறையில் இருக்கக்கூடாது என்பது விதி. எட்னா பின்னல் பையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜோலியன் மேசையைத் தட்டிச் சிரித்தார். "நாய் கக்கா போனதுக்காக ஒரு பொம்பளை எழுந்து வெளியே போய் நிக்கறாங்க! என்ன நாடகம் இது? என்னை ஒருநாளும் அந்த வராந்தாவுல பாக்க மாட்டீங்க."

தொட்டி விவகாரம் முடிந்து எட்னா உள்ளே வந்ததும், ஊர்க்காரர்கள் பேசும் நேரம் வந்தது. வில்ஃப் டிரான்டர் எழுந்தார். மஞ்சள் அங்கி, கையில் 'மெதுவா போங்கப்பா' என்று பெயின்டில் எழுதிய அட்டை. சாயங்காலம் ஆனால் சர்ச் பக்கத்து ரோட்டு வளைவில் அந்த அட்டையோடுதான் நிற்பார்.

"அங்க நடைபாதை கிடையாது. என் சம்சாரம் நோராவை சக்கர நாற்காலியில வெச்சு ரோட்டுலதான் தள்ளிட்டுப் போறேன். வண்டிங்க பறக்குது. இருபது மைல் வேகப் பலகை ஒண்ணு வெச்சுக் குடுங்க. வருஷக்கணக்கா இதையே கேக்கறேன். எனக்கே சலிச்சுப் போச்சு."

மன்றச் செயலர் டிரெவர் லக் தொண்டையைச் செருமினார். "ரோடு நம்ம கையில இல்ல, வில்ஃப். கவுண்டி ஆபீசுக்கு எழுதலாம். அந்த இடத்துல பெரிய விபத்து நடந்ததாக் கணக்கு இருந்தாத்தான் வைப்பாங்க."

"அப்ப யாராவது சாகணுமா?"

"அப்படின்னு எழுத்துல எங்கயும் இல்ல."

ஜோலியன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "பெரியவரே, அந்த அட்டையைக் கீழ போடுங்க. பாக்கவே பரிதாபமா இருக்கு. ஒரு வருஷத்துக்குள்ள அங்க பலகை வரும். நான் கொண்டுவரேன்."

"உங்க வாக்கு பலிக்கட்டும்" என்றார் வில்ஃப். அட்டையை மட்டும் கீழே போடவில்லை.

அதன்பின் ஊர்மன்றம் உழைத்தது. ஜூனில் நாய்த் தொட்டி குளத்தங்கரைக்குப் போனது. குளத்தங்கரைக்காரர்கள் கூச்சல் போட்டதால் செப்டம்பரில் பழைய இடத்துக்கே திரும்பியது. எட்னா இரண்டு தடவையும் வராந்தாவில் நின்றார். ஒரு ஸ்வெட்டர் முடிந்தது. அக்டோபரில் பலகை கேட்டுக் கடிதம் போனது. கடிதம் கிடைத்தது என்று நவம்பரில் பதில் வந்தது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் மரத்துக்கு வெள்ளை விளக்கா, கலர் விளக்கா என்று விவாதம். இரண்டு பக்கமும் சமமாக ஓட்டு விழுந்ததால் மரம் இருட்டிலேயே நின்றது. ஜனவரியில் நேரம் போதவில்லை என்று பலகையைப் பிப்ரவரிக்குத் தள்ளினார்கள்.

பிப்ரவரிக் கூட்டம் நடக்கவில்லை. அன்றைக்கு சர்ச் வளைவில் வில்ஃப் காரில் அடிபட்டு, அங்கேயே இறந்துபோனார். மஞ்சள் அங்கி போட்டிருந்தார். அட்டை புதர்வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்தது.

மறுபடி மே. எட்னாதான் நோராவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து முன்வரிசையில் நிறுத்தினார். ஜோலியன் எல்லாருக்கும் முன்னாலேயே, நடந்தே வந்திருந்தார். பூட்ஸில் வயல் சேறு அப்பியிருந்தது. பிஸ்கட் டப்பா அவரிடம் நிற்காமல் தாண்டிப் போயிற்று.

"இன்னிக்கு ஒரே விஷயம்" என்றார் பெரில், காகிதத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "சர்ச் வளைவுப் பலகை. கவுண்டி அனுமதி குடுத்தாச்சு. எந்தப் பக்கம் நடணும்னு மட்டும் நாம சொல்லணும்."

"கணக்கு சரியாயிடுச்சாம்" என்று முணுமுணுத்த டிரெவர், சொல்லியிருக்க வேண்டாமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டார்.

யாரும் கை தட்டவில்லை.

"ஒரு வருஷத்துல கொண்டுவரேன்னாரு" என்றார் நோரா, யாரையும் பார்க்காமல். "கொண்டுவந்துட்டாரு."

பெரில் தண்ணீர் குடித்தார். "வழக்கமான கேள்வி. இந்த விஷயத்துல யாருக்காவது சொந்த சம்பந்தம் இருக்கா?"

எட்னா மடியிலிருந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசையின் கடைசியில் ஒரு கை மெல்ல உயர்ந்தது.

"எனக்கு" என்றார் ஜோலியன்.

"என்ன சம்பந்தம்னு சொல்லணும்" என்றார் டிரெவர், குரலைத் தாழ்த்தி. "விதி. மன்னிச்சுக்குங்க."

"கார் என்னோடது" என்று சொல்லிவிட்டு, ஜோலியன் வராந்தாவுக்குப் போய்ச் சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டார்.