வாயசைத்த ஏழு பேர்

“நீ பாட வேண்டாம். வாயை மட்டும் அசைச்சாப் போதும்.”

பாட்டு வாத்தியார் சொன்னதும் அந்த ஆறாம் வகுப்புப் பெண் தலையாட்டினாள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அவள் குரல் கரகரப்பு. வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயரே ‘தகரம்’.

அவளோடு சேர்த்து ஏழு பேர். ஒருத்திக்குச் சுருதி நிற்காது, ஒருத்தனுக்குத் தாளம் ஓடிவிடும். போட்டிக்காக முப்பத்தெட்டுப் பேர் சேர்ந்து பாடும் பாட்டில் இந்த ஏழும் வாயை மட்டும் அசைக்க வேண்டும்.

“சார், தூங்கிக்கிட்டே வாயசைச்சாலும் பரவாயில்லையா?” என்றான் ஒரு வாலு.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் அவரைப் பிடித்துக்கொண்டாள். “பிள்ளைங்களைப் பொம்மை மாதிரி நிறுத்தறதுக்குப் பேசாம அவங்களை எடுத்துடலாமே சார்?”

“எடுத்துட்டா அழுவாங்க டீச்சர்.”

“இப்ப மட்டும் ரொம்பக் குஷியா இருக்காங்களாக்கும்!”

அவர் பாட்டு நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். போன வருஷப் போட்டியில், ‘சில குரல்கள் ஒட்டவில்லை’ என்று நடுவர் எழுதிக் கொடுத்துவிட்டார். இந்தத் தடவையும் வெறுங்கையோடு வந்தால் பாட்டு வகுப்பை எடுத்துவிட்டு அந்த நேரத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிடுவதாகத் தலைமையாசிரியை முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

இருபத்து மூன்று வருஷம் இதே அறை. மனைவி போன பிறகு வீட்டில் பேச்சுத் துணைக்கும் ஆளில்லை. ‘சார் வந்துட்டாரு!’ என்று பிள்ளைகள் போடும் அந்த ஒரு கூச்சலுக்காகத்தான் அவர் காலையில் சட்டைக்கு இஸ்திரி போடுகிறார். அதுவும் போய்விட்டால்?

ஏழு பேரா, மொத்த வகுப்பா? எப்படிப் பார்த்தாலும் அவர் செய்தது சரிதான். சரி என்றால் அந்தப் பெண் முகத்தை ஏன் பார்க்க முடியவில்லை என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

போட்டியன்று மேடையின் ஓரத்தில் கீபோர்டு வாசித்தபடி அந்த ஏழு வாய்களையும் மாறி மாறிக் கவனித்தார். எல்லாம் பாட்டோடு ஒழுங்காக அசைந்தன. இவ்வளவு நன்றாக நடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டார்.

முதல் பரிசு!

“ஒரு குரல்கூடத் தனியா ஒதுங்கலை. அத்தனையும் ஒண்ணா இழைஞ்சுது” என்று நடுவர் மைக்கில் பாராட்டினார். வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோப்பை தலைமையாசிரியையின் மேஜைக்குப் போனது. “வகுப்பு இருக்கும் சார், கவலைப்படாதீங்க” என்றார் அவர். இதைக் கேட்கத்தான் இவ்வளவு பாடுபட்டார். கேட்டபோது ஒன்றுமே தோன்றவில்லை.

மறுநாள் பள்ளி விட்டதும் பாட்டு அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஓர் அம்மா வந்து நின்றாள். உடையெல்லாம் நூல் துணுக்குகள்; தையல் ஆலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். பின்னால் ‘தகரம்’.

வாத்தியார் பூட்டை விட்டுத் திரும்பினார். விஷயம் வீட்டுக்குப் போய்விட்டது. போகட்டும். நாலு வார்த்தை சுருக்கென்று கேட்டுவிட்டால்கூடத் தேவலை.

“சார், நேத்து அரை நாள் லீவு போட்டுட்டு வந்து பாட்டு கேட்டேன்.”

“அம்மா, அது வந்து…”

“இருங்க சார், சொல்லிடறேன். முப்பத்தெட்டுப் பிள்ளைங்க பாடினாங்க. அதுல என் பொண்ணு குரல் மட்டும் எனக்குத் தனியாக் கேட்டுச்சு!” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வீட்டுல இவ வாயைத் திறந்தா ‘சும்மா இருடி’ன்னு நானே அடக்கிடுவேன். இந்தக் குரலையும் சேர்த்துக்கிட்டீங்களே… நீங்க நல்லா இருக்கணும் சார்.”

வாத்தியார் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார். பாடாத பிள்ளையின் குரலைக் கேட்டேன் என்கிறாள் பெற்றவள். ஆசை அப்படிக் காதில் விழவைத்திருக்கிறது. அதற்கு நன்றி வாங்கிக்கொண்டு நான் நிற்கிறேன். இதைவிட இவள் என்னை அறைந்திருக்கலாம்.

“பையை எடுத்துட்டு வாடி, பஸ் போயிடும்” என்று மகளிடம் சொல்லிவிட்டு அம்மா பள்ளி வாசல் பக்கம் நடந்தாள்.

வாத்தியார் பெண்ணை நிறுத்தினார். “நீ வீட்டுல சொல்லவே இல்லையாம்மா?”

இல்லை என்று தலையாட்டினாள்.

“சரி, நானே சொல்லிடறேன். பண்ணாத காரியத்துக்கு நன்றி வாங்கிக்கிட்டா எனக்குச் சோறு இறங்காது.”

“வேணாம் சார்!”

“தப்பு என்னோடது. உன்மேல ஒண்ணும் இல்ல. அவங்களுக்கு அது தெரியணும்.”

அவர் விறுவிறுவென்று நடந்தார். பெண் ஓடிவந்து குறுக்கே நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

“திட்டாதீங்க சார். நான்… நான் பாடிட்டேன்.”

“என்னது?”

“அம்மா மூணாவது வரிசையில உட்கார்ந்து என்னையே பார்த்தாங்க. முதல்ல வாயைத்தான் அசைச்சேன். அப்புறம் தானா வந்துடுச்சு. அதைக் கேட்டுட்டுப் பக்கத்துல, தாளம் ஓடிடுமே, அவனும் ஆரம்பிச்சுட்டான். அப்புறம்…”

“அப்புறம்?”

“ஏழு பேருமே பாடிட்டோம் சார்.” அவளுக்குத் தேம்பல் வந்துவிட்டது. “கோப்பையைத் திருப்பிக் கேட்டுடுவாங்களா?”